கழுத்தில் ஒரு சொட்டு

"காதுக்குள்ள பாருங்க டாக்டர், திராட்சைக் கொத்து மாதிரி தொங்குது. இதை வளர்க்கிற ஆளுக்கெல்லாம் எப்படித்தான் சோறு இறங்குதோ!"

டீச்சர் கேட்டது டாக்டரிடம், முறைத்தது வெல்டரை. கரி படிந்த சட்டையோடு அவன் சுவரோரம் நின்றிருந்தான். மேசைமேல் கிடந்த நாய்க்குத் தலையைத் தூக்கவும் தெம்பில்லை. முடி கொட்டித் தோல் சிவந்திருந்தது. காது மடல், விரல் இடுக்கு, வாலடி என்று இடம் விடாமல் உண்ணிகள்.

டாக்டர் அதன் உதட்டை விலக்கிப் பார்த்தார். ஈறு காகிதமாக வெளுத்திருந்தது. ரத்தம் பாதிக்கு மேல் போய்விட்டது, உண்ணிக் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது, பிழைத்தால் அதிசயம்தான் என்றார்.

டீச்சரின் மடியிலிருந்த கூடையில் மகாராணி சுருண்டு படுத்திருந்தது. அவளுடைய பூனை. தினமும் அதைப் பல் நெருக்கமான சீப்பால் வாரிவிடுவாள். சீப்பில் ஒரு தெள்ளுப்பூச்சி தென்பட்டால் போதும், அன்றைக்கே வீட்டிலுள்ள விரிப்பெல்லாம் வெந்நீரில் முங்கி எழும். வெயில்காலம் தொடங்குமுன்பே பின்கழுத்தில், நாக்கு எட்டாத இடத்தில், சொட்டு மருந்து வைத்தாக வேண்டும். நாய் மருந்தைப் பூனைக்கு வைத்தால் உயிரே போய்விடும் என்று தெரு முழுக்கப் பாடம் எடுத்தவள், டாக்டர் கையைத் தவிர வேறு கையை நம்பமாட்டாள். இன்று வந்ததும் அதற்குத்தான்.

"மாசத்துக்கு ஒரு சொட்டு. கழுத்துல வெச்சிருந்தா இந்தக் கதி வந்திருக்குமா? வாயில்லா ஜீவனைக் கட்டிப்போடத் தெரியுது. குனிஞ்சு அது காதைப் பார்க்க மட்டும் இடுப்பு வளையலையா?"

யார் நாய் என்று டாக்டர் முதலில் கேட்டபோது வெல்டர், "நான்தான் கூட்டிட்டு வந்தேன்" என்று மட்டும் சொன்னான். டீச்சருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. கல்நெஞ்சுக்காரன் என்றாள். இவனையும் சங்கிலியில் கட்டி மொட்டை வெயிலில் போட்டால்தான் புத்தி வரும் என்றாள். விடுங்க டீச்சர் என்று இடையில் வந்த கம்பவுண்டருக்கும் இரண்டு வசவு கிடைத்தது.

நாயை இங்கேயே வைத்துப் பார்க்கவேண்டும், விலாசத்தைச் சொல் என்றார் டாக்டர்.

வெல்டர் தயங்கினான். "குணமானதும் அந்த விலாசத்துக்கே அனுப்பிடுவீங்களா?"

"பின்னே, நானா வளர்க்கிறது?"

"அப்படின்னா வேண்டாம் டாக்டர். இது என் நாய் இல்ல. எங்க பட்டறைக்குப் பக்கத்துல ஒரு குடோன் இருக்கு. தகரக் கூரைக்குக் கீழ இதைக் கட்டிப் போட்டிருந்தாங்க. சுவர்மேல நின்னு தண்ணி ஊத்துவேன், குடிச்சுட்டுக் குரைக்கும். இன்னிக்குக் குரைக்கவே இல்ல. ஏறிக் குதிச்சுச் சங்கிலியை அறுத்துத் தூக்கிட்டு வந்துட்டேன். திருட்டுன்னு சொன்னாலும் பரவாயில்ல."

டீச்சருக்கு முகம் சுருங்கிப்போயிற்று. வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே என்று அவனிடம் தணிந்து சொன்னாள். ஆனால் அவிழ்த்துவிட்ட கோபம் அவ்வளவு சீக்கிரம் வீட்டுக்குத் திரும்புமா? கூடையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"எந்தக் குடோன், சொல்லு தம்பி. இப்பவே போவோம். அந்த ஆளை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கலைன்னா என்னை என்னன்னு கேளு."

"எண்ணெய் மில்லுக்கு எதிர்ல, பச்சை கேட்டு போட்ட குடோன்ம்மா. ஓனர் யாருன்னு தெரியாது."

வாசலை நோக்கித் திரும்பியவள் அப்படியே நின்றாள். அந்தக் கேட்டுக்குப் பச்சை நிறத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததே அவள்தான். வெள்ளை உருண்டையாக வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்த நாய்க்குட்டியை, மகாராணிக்கு ஆகவில்லை என்று கணவரின் குடோனுக்கு அனுப்பிவைத்தவளும் அவள்தான்.

அவள் மேசைமேல் குனிந்து, "பஞ்சு..." என்றாள்.

தலையைத் தூக்க முடியாத நாய், வாலை ஆட்டியது.