விலைக்கு வந்த பேஸ் கிட்டார்

எட்வின் தன்னை விற்கப்போகிறான் என்றறிந்த பேஸ் கிட்டாருக்குத் தந்திகளெல்லாம் நடுங்கின.

“நான் என்னப்பா குறை வைத்தேன்?” என்று அலமாரியிலிருந்த பழைய இசைத்தட்டிடம் புலம்பியது.

“என்னில் ஒலிக்கும் பேஸ் ஒலி போல உன்னிடம் வரவில்லையாம்.”

“உன்னில் ஒலிப்பது எந்த கிட்டார்?”

“அச்சு அசலாக உன்னைப் போன்ற ஒன்றுதான்.”

“அதை அவனிடம் சொல்லித் தொலையேன்!”

“தினமும் பாடியே சொல்கிறேன். அடுத்து எதை வாங்கலாம் என்ற யோசனையோடுதான் கேட்கிறான்.”

வெறுங்கையோடு வாங்க வந்த பெண் கூடத்தில் அமர்ந்து எட்வினின் கிட்டாரையே எடுத்து வாசித்துப் பார்த்தாள். ஜன்னல்கள் அதிர்ந்தன. அடுக்களையில் காபி கலந்துகொண்டிருந்த எட்வின் கரண்டியோடு ஓடிவந்தான்.

“இதே ஒலிதான் மேடம், இத்தனை வருஷமாத் தேடுறேன்! நீங்க கொண்டுவந்த கிட்டாரை எனக்கு விற்பீங்களா?”

இசைத்தட்டு சிரிப்பை அடக்கிக்கொண்டது. கிட்டாரோ, இந்தப் பெண் தன்னை எப்படியாவது வாங்கிப் போய்விட வேண்டுமே என்று வேண்டத் தொடங்கியது.