பதினேழாம் எண் வீடு

“பதினேழாம் நம்பர் வீட்ல மூணு தடவையும் ஆள் இல்லையாம்மா?” என்று போன ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச்சாமியார் கேட்டார்.

“பூட்டியிருந்துச்சு சாமி,” என்றாள் அவள். பக்கத்தில் நின்ற ஓய்வுபெற்ற தபால்காரர், “முப்பது வருஷத்துல அந்த வீட்டைப் பகல்ல பூட்டி நான் பார்த்ததே இல்லையே,” என்று தலையைச் சொறிந்தார்.

இன்று அவரையே அவளுக்குத் துணையாக அனுப்பியிருக்கிறார் சாமியார். வெயில் சாய்கிறது. பங்கின் சார்பில் வீடு வீடாக நலம் விசாரிக்கும் தொண்டர்களுக்கான நீல அட்டை அவள் கழுத்தில் தொங்குகிறது. அதை உள்ளங்கையால் பொத்திக்கொள்கிறாள். தபால்காரர் மணியை அழுத்திவிட்டு ஒதுங்கி நிற்கிறார். கதவைத் திறப்பது அவளுடைய அக்கா. முழங்கை வரை சோப்பு நுரை. அத்தான் படுக்கையில் கிடந்த ஏழு மாதமும் எட்டிப் பார்க்காத தங்கை, அடக்கத்தன்று கடைசி வரிசையில் நின்று நழுவியவள், இப்போது எந்த முகத்தோடு நலம் விசாரிப்பாள்? அக்கா கையைத் துடைத்துக்கொண்டு, போய்வந்த வீடுகளைக் குறித்துவைக்க அவளிடமிருக்கும் தாளை வாங்கிப் படிக்கிறாள். ‘ஆள் இல்லை’ என்று மூன்று முறை, தங்கையின் கையெழுத்தில்.

“மூணு தடவையும் வீட்லதாண்டி இருந்தேன். எதிர்வீட்டு அம்மாவோட மூட்டுவலியை நீ அவ்வளவு அக்கறையா விசாரிச்சது இங்க வரைக்கும் கேட்டுச்சு.”

தபால்காரர் தன் செருப்பையே பார்க்கிறார். அக்காவின் விரல் ஈரத்தில் தாள் ஊறுகிறது. உள்ளே அத்தானின் நாற்காலியில் மடித்த துணிகள் அடுக்கியிருக்கின்றன. அவளுக்குக் காதுமடல் எரிகிறது. மற்ற வீடுகளில் யோசிக்காமல் கேட்கிற கேள்விதான். இந்த வாசலுக்கு மட்டும் இத்தனை நாளும் தொண்டையிலேயே கிடந்தது.

“உள்ள வரட்டுமாக்கா?”