சீனாவில் வாங்கிய பட்டம்
பல்கலைக்கழக அலுவலகத்தின் ஜன்னல் வழியே மாலை வெயில் சாய்ந்து மேசைமேல் விழுகிறது. சீனாவில் கட்டடப் பொறியியல் படித்துத் திரும்பியவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் அவளுடைய அக்கா. வேலை கேட்டுப் போன இடங்களில் சீனப் பட்டம் என்றதும் உதட்டைப் பிதுக்கி அனுப்பிவிட்டார்கள். இங்கே மேற்படிப்புக்கு இடம் கிடைத்தால்தான் உண்டு. அதிகாரி பட்டச் சான்றிதழைத் தூக்கி வெளிச்சத்தில் பிடிக்கிறார். சிவப்பு முத்திரை தாளின் பின்பக்கமும் தெரிகிறது, தண்ணீருக்கடியில் கிடக்கும் பூவைப் போல. மின்விசிறிக் காற்றில் தாள் படபடக்க, சீனாவில் தங்கியிருந்த விடுதி அறையின் பனி படிந்த ஜன்னல் கண்ணாடி அவள் கண்ணுக்குள் வந்து போகிறது. "நீங்க படிச்ச இடத்துக்கே எழுதிக் கேட்டோம்மா, பதில் வந்துடுச்சு," என்கிறார் அவர். "உங்க பட்டம் இங்க செல்லும். தாராளமா சேர்ந்துக்கலாம்." அக்காதான் கை நீட்டித் தாளை வாங்குகிறாள். வீட்டில் பெட்டிக்குள் கிடந்தவரை அதை அவள் ஒருமுறைகூடப் பிரித்துப் பார்த்ததில்லை; இப்போது எழுத்துகளை விரலால் தடவுகிறாள். "ஏண்டி, இதுல என்னதான் எழுதியிருக்கு? படியேன்." "உனக்குப் புரியாதேக்கா." "புரியாட்டி என்ன, படி." தங்கை தாழ்ந்த குரலில் சீன மொழியில் படிக்கிறாள். அதிகாரி பேனாவை மூட மறந்து உட்கார்ந்திருக்கிறார். வெயில் மேசையிலிருந்து மெல்ல இறங்கி அக்காவின் மடிக்கு வருகிறது. அவள் கண்ணை மூடிக் கேட்கிறாள். அந்நியச் சொற்களுக்கு நடுவே தங்கையின் பெயர் மட்டும் புரிகிறது. அந்த இடத்தில் "ம்" கொட்டுகிறாள்.