இருபத்தைந்து

"பயப்படாம சொல்லு இஸ்மோ. சத்தத்தை அதிகமாத்தானே வெச்சிருந்தே?"

துண்டில் சுற்றிய பொட்டலத்தை ஹன்னெலே பட்டறை மேசைமேல் வைத்தாள். பிரிக்காமலே இஸ்மோவுக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது. அவள் புருஷன் பென்ட்டியின் வேனில் இருந்த ரேடியோ. போன அக்டோபரில் இவன் கையாலேயே மாட்டியது.

"போலீஸ்காரங்க இப்பத்தான் திருப்பிக் குடுத்தாங்க."

"உட்காருங்க. காப்பி ஊத்தட்டுமா?"

"வேண்டாம்."

அந்த ஊரில் காப்பியை ஒருவர் மறுத்தால் சண்டைக்கு வந்திருக்கிறார் என்று அர்த்தம். இந்தக் கேள்விக்குத்தான் இஸ்மோ ஒரு வருஷமாகப் பயந்து செத்துக்கொண்டிருந்தான்.

ரேடியோ மாட்டிய அன்று காலை பென்ட்டி இதே பட்டறையில், வேனுக்குள் உட்கார்ந்துகொண்டு பிடித்த பிடியை விடவில்லை. அறுபது வயசு மனுஷனுக்கு அக்கார்டியனில் வாசிக்கும் டாங்கோ பாட்டு என்றால் உயிர். "இன்னும் கொஞ்சம் ஏத்துடா. பாட்டு என் முதுகெலும்புல ஓடணும்!"

போதும் என்று தெரிந்தும் இஸ்மோ, சீட்டுக்கு அடியில் இருந்த ஆம்ப்ளிஃபயரின் திருகை இன்னொரு கால் சுற்று திருப்பினான். "ரேடியோவுல இருபத்தஞ்சு தாண்டாதீங்க. ஸ்பீக்கர் கிழிஞ்சிடும்" என்று மட்டும் சொல்லி வைத்தான்.

அப்போது பென்ட்டியின் கோட்டுக்குள் எங்கோ போன் அதிர்ந்தது. "வீட்டு முதலாளியம்மா கூப்பிடறா. இவளுக்கு மட்டும்தான் என் அக்கார்டியன் வாயை மூடும்" என்று சிரித்தபடி குமிழைச் சுத்தமாகப் பூஜ்யத்துக்கு இறக்கினார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு நாலு பையையும் துழாவினார்.

பேசி முடித்து, பாட்டை மறுபடி ஏற்றிக்கொண்டு பத்து மணிக்குக் கிளம்பிப் போனார். பத்து இருபதுக்கு, மர ஆலைக்கு அப்பால் இருக்கும் ஆளில்லா லெவல் கிராசிங்கில் ரயில் அந்த வேனைத் தூக்கி எறிந்தது. ரயில் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டேதான் வந்தாராம். வேன் நிற்கவே இல்லையாம்.

அந்தச் சத்தத்தில் ஹாரன் எப்படிக் கேட்கும்? ஊரே அப்படித்தான் பேசியது. ஊர் பேசாவிட்டாலும் இஸ்மோ தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து, ஆம்ப்ளிஃபயரைச் சரிபார்க்க அவன் எந்த ஒலியை ஓட்டினாலும் அதற்கு அடியில் ரயில் ஹாரன் கேட்டது. அணைத்த பிறகும் கேட்டது. எந்த வண்டிக்கும் சத்தத்தைக் கூட்டி வைக்க அவனுக்குக் கை வரவில்லை. "என்னப்பா, பிரேயர் வண்டிக்கா செட் போடறே?" என்று கேலி பண்ணிய வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக வேறு கடை பார்த்துப் போய்விட்டார்கள்.

"கடைசியா வெச்ச சத்தத்தை இது மறக்காதாமே? நம்பர் காட்டுமாமே?" என்றாள் ஹன்னெலே.

"காட்டும்."

"பார்த்துச் சொல்லு."

இஸ்மோ வயர்களை மாட்டினான். ஒரு பக்கம் நசுங்கியிருந்தும் ரேடியோவுக்கு உயிர் வந்தது. அதன் முகம் அவன் பக்கம் பார்த்திருந்தது.

பூஜ்யம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான். பூஜ்யமேதான். அடக் கடவுளே, மோதும்போது பாட்டே ஓடவில்லையா! ஒரு வருஷமாக நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த பாரம் ஒரே நொடியில் இறங்கிவிட்டது. காதுக்குள் இருந்த ஹாரன்கூட நின்றுபோனது.

"ஹன்னெலே..." என்று வாயைத் திறந்தான்.

"நான் சண்டைக்கு வரல, இஸ்மோ. அன்னிக்குப் பத்து இருபதுக்கு நான் அவருக்கு மறுபடி போன் போட்டேன். காப்பித்தூள் தீர்ந்துபோச்சுன்னு சொல்ல. முன்னாடி பேசினப்ப சொல்ல மறந்துட்டேன். மணி அடிச்சுக்கிட்டே இருந்தது. அவர் எடுக்கல. அதுலேர்ந்து காப்பி தொண்டையில இறங்க மாட்டேங்குது."

இஸ்மோ அந்தப் பூஜ்யத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டான்.

"பாட்டுச் சத்தத்துல போன் வந்ததே அவருக்குத் தெரிஞ்சிருக்காதுன்னு சொல்லிச் சொல்லித்தான் நாளை ஓட்டறேன். தெரிஞ்சிருந்தா ரோட்டை விட்டுட்டு, குனிஞ்சு பையைத் துழாவியிருப்பார். அவரை எனக்குத் தெரியாதா? அப்புறம் என்னாலதான் செத்தார்னு ஆயிடுமேடா." மேசையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். "சொல்லு. அதிகமாத்தானே இருந்தது?"

ஸ்பீக்கர் மாட்டாத ரேடியோவிலிருந்து எந்தச் சத்தமும் வராது. அவள் முகத்தைப் பார்த்தபடியே இஸ்மோ குமிழை மெல்லத் திருப்பினான். ஏழு. பதினாறு. இருபத்தைந்து. எங்கோ தொலைவில் ஹாரன் மறுபடி கேட்கத் தொடங்கியது.

ரேடியோவை அவள் பக்கம் திருப்பி வைத்தான்.

"பாருங்க, இருபத்தஞ்சு. ஏத்தி வெச்சது நான்தான்."