பத்து டாலர் கொள்கை

"வரி கேக்கறது அரசாங்கம். அது என் தலையெழுத்து, கட்டிடறேன். ஆனா இந்தக் கையாளும் கட்டணம் எதுக்கு? பெட்டியை அங்கேர்ந்து எடுத்து இங்க வெச்சதுக்குப் பத்து டாலரா?"

மருந்துக்கடையின் பின்மூலையில் இருந்த தபால் கவுண்டரை மர்டாக் மெக்கிலப் ஓங்கித் தட்டினார். அவருக்குப் பின்னால் பூட்ஸில் பனி ஒட்டிய வரிசை ஒன்று நெளிந்துகொண்டிருந்தது.

கவுண்டரில் இருந்த தெரீஸ் நிமிரவில்லை. "சுங்கத்துல பிரிச்சுப் பார்த்து, வரி போட்டு, அதை இங்க வசூல் பண்றதுக்கு அந்தக் கட்டணம். ஸ்காட்லாந்துலேர்ந்து யாருக்கு வந்தாலும் இதே கதைதான். நானா போட்டேன்?"

"உன்னைச் சொல்லலம்மா. முறையைச் சொல்றேன்!"

சொன்னது அவருக்கே பிடித்துப்போய், வரிசைப் பக்கம் திரும்பி இன்னொரு தரம் சொன்னார். நகராட்சிக் கவுன்சிலராக ஒருமுறை இருந்ததில் ஊருக்குக் கிடைத்தது ஒரு பெஞ்சு. அவருக்குக் கிடைத்தது இந்தக் குரல்.

பெட்டியில் இருந்தது பேக்பைப், பையில் குழல்கள் செருகிய ஸ்காட்லாந்து ஊதுவாத்தியம். சனிக்கிழமை, பனித்தளத்தில் கல்லைச் சறுக்கிவிட்டு ஆடும் கர்லிங் போட்டி தொடங்குகிறது. கனடாவின் இந்தக் கேப் பிரெட்டன் தீவில் முன்னால் ஒருவர் பேக்பைப் ஊதிப்போகாமல் எவனும் ஆட்டப் பனியில் கால் வைக்க மாட்டான். வழக்கமாக ஊதுகிறவர் எண்ணெய் வேலைக்கு ஆல்பர்ட்டா போய்விட்டார். மர்டாக் இளவயதில் ஒரு பட்டாளத்தையே ஊதி நடத்திப்போனதும், அந்த பேக்பைப் கொட்டகைத் தீயில் கருகியதும் ஊரே மனப்பாடமாக அறிந்த கதை. சும்மா இருப்பாளா மனைவி இஷ்பெல்? புதிதாகவே ஒன்றை வரவழைத்துவிட்டாள். ஆக, மர்டாக்கின் மானம் மொத்தமும் இப்போது அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

"இப்ப கட்டி எடுத்துட்டுப் போங்க. அப்புறமா எழுதிப் போட்டு வாதாடுங்க. நியாயம் இருந்தா திருப்பித் தருவாங்க" என்றாள் தெரீஸ்.

"கட்டிட்டு வாதாடறதா? கல்யாணத்தை முடிச்சுட்டுப் பொண்ணு பாக்கப் போற மாதிரி இருக்கு!"

"அப்ப திருப்பி அனுப்பிடுவேன். இன்னிக்குத்தான் கெடு."

"அனுப்பு!" என்றார் மர்டாக், சட்டென்று. பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "வலிக்கத்தான் செய்யுது. இருந்தாலும் மனுஷனுக்குக் கொள்கைன்னு ஒண்ணு வேணும்ல?"

வரிசையில் நின்ற ஃப்ளோரா பதறினாள். "அப்ப சனிக்கிழமை யாருய்யா ஊதறது?"

"ரெக்கார்டு போட்டுக்குங்க" என்றார் மர்டாக், கண்ணை மூடிக்கொண்டு, தியாகியைப் போல.

வரிசையில் எவனோ மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினான்.

லாப்ஸ்டர் பிடிக்கும் டங்கன் முன்னால் வந்தான். "நாமெல்லாம் இத்தனை வருஷமா வாயை மூடிட்டு அழுதோம். ஒரு மனுஷன் நெஞ்சை நிமித்தி நிக்கிறான். அவனுக்குப் பேக்பைப் இல்லாம போறதா? இந்தா, என் பங்கு அஞ்சு டாலர்."

"டங்கன், வேணாம்!" மர்டாக்கின் குரல் கீச்சிட்டது. "நீ குடுத்தா என் கொள்கை என்னத்துக்கு ஆகறது?"

"உன் கொள்கை உன்கிட்டயே பத்திரமா இருக்கட்டும்யா. நீயா கட்டறே? நாங்கதானே கட்டறோம்!"

ஃப்ளோரா சில்லறைப் பையைக் கவிழ்த்தாள். பின்னாலிருந்தும் நாணயங்கள் கைமாறி வந்தன. வரிப்பணத்தை மர்டாக்கே பெருந்தன்மையாக முன்கூட்டி எண்ணி வைத்திருந்ததால், தெரீஸுக்கு முத்திரையைக் குத்துவதைத் தவிர வேறு வேலையில்லை.

"சட்டப்படி இது செல்லாது, தெரீஸ்! வேற ஆள் கட்டினா எப்படி?"

"யார் கட்டினாலும் செல்லும்" என்று பெட்டியை அவர் பக்கம் தள்ளினாள்.

"அடேங்கப்பா, இப்பவும் விட்டுக் குடுக்கறாரா பாருங்க!" என்று ஃப்ளோரா உருகிப்போனாள். உருகியபடியே சாவியால் பெட்டியின் ஒட்டுநாடாவைக் கிழித்தாள். "ஒண்ணே ஒண்ணு ஊதுங்க. சனிக்கிழமை வரைக்கும் யாரால காத்திருக்க முடியும்?"

"ஊது! ஊது!" கடையே கை தட்டியது.

மர்டாக் பையைத் தூக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டார். அதிலிருந்து ஐந்து குழல்கள் ஐந்து திசையில் நீட்டிக்கொண்டு நின்றன. அவற்றில் எதை வாயில் வைக்க வேண்டும் என்பதைப் பட்டாளக் கதையை ஜோடித்த நாளிலேயே யாரிடமாவது கேட்டு வைத்திருக்கலாம் என்று அப்போதுதான் அவருக்குத் தோன்றியது.