கறார் மேடம்

பார்க்கின்சன் நோயாளிகளுக்கு உடற்பயிற்சி தரும் முறையைப் படிக்க, முதல் நாள் நாங்கள் ஆறு பிசியோதெரபிஸ்டுகள் ஒரு பயிற்சி மையத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஹாலில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். வணக்கம் சொன்னோம். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. நாற்காலிக் கையில் விரல்கள் மட்டும் பொறுமையில்லாமல் தாளம் போட்டன.

"செம கறார் போல," என்று எங்கள் கூட்டத்து நெட்டையன் என் காதைக் கடித்தான்.

"என்ன பண்ணணும் மேடம்?" என்று கேட்டேன்.

"நடங்க," என்றார் அடிக்குரலில்.

நடந்தோம்.

"இதெல்லாம் ஒரு நடையா? கையை நல்லா வீசுங்க. காலைப் பெருசா எடுத்து வைங்க. சத்தமா எண்ணுங்க."

தொண்டை கிழிய எண்ணிக்கொண்டு ஹாலைச் சுற்றினோம். நெட்டையன் வீசிய கை என் மூக்கில் பட, நான் விழுந்தேன். என் மேல் மற்றவர்கள் விழுந்தார்கள். அவர் முகம் அப்போதும் அசையவில்லை.

"எந்திரிச்சு முதல்லேருந்து எண்ணுங்க," என்றார்.

அந்த நேரம் பார்த்து ஒருவர் மூச்சிரைக்க உள்ளே வந்தார். "நான்தான் உங்க டிரெய்னர். பேஷன்ட்டை உக்கார வச்சிட்டு நீங்க எதுக்குத் தரையில உருளுறீங்க?"

நாங்கள் அந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தோம்.

"என்ன பண்ணணும்னு கேட்டாங்க தம்பி. நீ என்னைப் பண்ண வைக்கிறதைச் சொன்னேன்," என்றார் அந்த அம்மா, அதே முகத்தோடு. "இந்த வியாதியில முகம்தான் சிரிக்க மாட்டேங்குது. உள்ளுக்குள்ள சிரிச்சுச் சிரிச்சு வயிறு புண்ணாயிடுச்சு."