ஐந்து சிவப்பு வட்டங்கள்

"ஒண்ணு நம்ம வீடு. மத்த நாலும் யாரு வீடு?"

கணவனின் ஆபீஸ் பையில் கிடைத்த டெல்லி வரைபடத்தைச் சிந்து மேஜைமேல் விரித்தாள். ஐந்து இடங்களில் சிவப்பு வட்டம். அதில் ஒன்றுக்குள் ஆர்.கே.புரத்தில் அவர்கள் குடியிருக்கும் வீடும் இருந்தது.

இளஞ்செழியன் அதைப் பிடுங்கி மடித்தான். "கம்பெனி விஷயம். உனக்கெதுக்கு?"

கார் இன்ஜினுக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறவனுக்கு வீட்டைச் சுற்றி வட்டம் எதற்கு? லிஃப்ட் வைத்த துவாரகா ஃப்ளாட்டை விட்டு, தீபாவளி முடிந்த கையோடு இந்த ஓதம் ஏறிய மாடி வீட்டுக்கு இழுத்து வந்தவன் அவன்தான். ஜன்னலைத் திறந்தால் எதிர் மொட்டை மாடியில் காற்று மாசை அளக்கும் அரசாங்க மெஷின்தான் தெரியும். இதற்கு வாடகை வேறு அதிகம்.

சும்மா சொல்லக் கூடாது, வந்ததில் ஒரு நல்லதும் நடந்தது. எட்டு வயது மகள் மேதாவுக்கு வீசிங் நின்றுபோனது. மூன்று மாதமாக இன்ஹேலரே தேவைப்படவில்லை. மலை மந்திர் முருகனுக்குச் சிந்து வாராவாரம் அர்ச்சனை செய்துகொண்டிருந்தாள்.

"மேதா எங்க? சத்தத்தையே காணோம்?"

"ஸ்கூல் பிக்னிக். பஸ் போய் ஒரு மணி நேரமாச்சு. குருகிராம் தாண்டியிருக்கும்."

அவன் முகம் வெளுத்தது. "எங்கயும் அனுப்பாதேன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே! இன்ஹேலராவது குடுத்தியா?"

"அதான் குணமாயிடுச்சே, எதுக்கு?"

அப்போது சிந்துவின் போன் அடித்தது. வகுப்பு டீச்சர். "மேடம், மேதாவுக்கு மூச்சு வாங்குது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறோம். ஜல்தி வாங்க!"

"முருகா! நீதானே குணமாக்கினே?" சிந்து அலறினாள்.

அலமாரியில் கிடந்த இன்ஹேலரை எடுத்துக்கொண்டு இளஞ்செழியன் படியில் இறங்கி ஓடினான். பின்னாலேயே ஓடிவந்து அவன் சட்டையைப் பிடித்தாள் சிந்து.

"அந்த வட்டத்துல என்னதாங்க இருக்கு? சொல்லித் தொலைங்க!"

அவன் எதிர் மொட்டை மாடியைப் பார்த்தான். கண்ணில் நீர் முட்டியது.

"அஞ்சுலயும் அந்த மெஷின்தான் இருக்கு. அது பக்கத்துல வந்தா மட்டும் புகையை அடக்கச் சொல்லி, எங்க கம்பெனி வண்டிக்கெல்லாம் நான்தான் எழுதிக் குடுத்தேன்."